சான்ட்ரோவா ஆல்ட்டோவா, எதுக்கு இன்சூரன்ஸ் கம்மி? கொழிஞ்சாம்பாறை அக்கா கேட்ட கேள்வி

சரிங்க, அடுத்த கேள்விக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க, கொஞ்சம் நீளம், நான் சுருக்கி சொல்லிடறேன். அவங்க அம்மாவ வாரா வாரம் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகோணும், பஸ்ல ஏத்தி எறக்க முடியறதில்ல, பையனுக்கு 19 வயசு, இப்பத்தான் லைசென்ஸ் எடுத்திருக்கான், அவன்தான் ஓட்டப்போறான். கையில ஒண்ணரை லட்சம் இருக்குது. ரெண்டு வண்டி பார்த்து வச்சிருக்காங்க. ஒண்ணு டிஎன் 41, பொள்ளாச்சி வண்டி, 2009 மாடல் சான்ட்ரோ, 85 ஆயிரம் சொல்றாங்களாம். இன்னொண்ணு கேஎல் 70, சித்தூர் வண்டி, (பாலக்காட்டு சித்தூருங்க, ஆந்திரா சித்தூர்னு நினைச்சுக்காதீங்க) 2012 ஆல்ட்டோ, 1,35,000. எதுக்கு இன்சூரன்ஸ் கம்மியா வரும், சின்னப் பையன் ஓட்டறான்னு சொன்னா ஜாஸ்தி கேப்பாங்களா, இதுதான் கேள்வி.

மொதல்ல பையன் விஷயம், அது சுலபம். வெளிநாட்டுலதான் ஓட்டறவங்க வயசு பார்த்து பிரீமியம் ஏத்துவாங்க, பசங்க வீடியோல அதையெல்லாம் பார்த்துட்டு பயந்துக்கறாங்க. இங்க தேர்ட் பார்ட்டி, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு கட்டாயமா போடற இன்சூரன்ஸ், அந்த பிரீமியத்துக்கு வயசும் கிடையாது, ஊரும் கிடையாது, எஞ்சின் எத்தனை சிசி (எஞ்சின் அளவு), அவ்வளவுதான். ரேட்ட கவர்மெண்ட்டே ஃபிக்ஸ் பண்ணுது, எந்த கம்பெனில போட்டாலும் ஒரே ரேட்டு, பாலக்காட்டுல போட்டாலும் பொள்ளாச்சில போட்டாலும் அதே ரேட்டு. பையன் கையில லைசென்ஸ் இருக்கோணும், அது முக்கியம், அது இல்லாம ஓட்டுனா அப்புறம் எந்த பாலிசி இருந்தும் சிக்கல்தான்.

இப்ப சிசிக்கு வருவோம், இங்கதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. 2022 ஜூன் 1ம் தேதி வந்த ரேட்டுப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபா, 1000 தாண்டி 1500 வரைக்கும் 3,416 ரூபா, அதுக்கும் மேல போனா 7,897. இதுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி. சான்ட்ரோ பார்க்கறதுக்கு சின்ன வண்டிதானே, ஆனா எஞ்சின் 1086 சிசிங்க. அந்த 86 சிசிக்காக அடுத்த ஸ்லாப்புக்கு போயிடுது. ஆல்ட்டோ 796 சிசி. கணக்கு போட்டா ஆல்ட்டோவுக்கு டாக்ஸோட சேர்த்து 2,470 வரும், சான்ட்ரோவுக்கு 4,030 வரும், வருஷா வருஷம் ஆயிரத்து ஐநூத்தி சொச்சம் வித்தியாசம். இதே மாதிரி பழைய வேகன் ஆர் இருக்குது பாருங்க, 2010க்கு முன்னாடி வந்தது, அது 1061 சிசி, அதுவும் மேல் ஸ்லாப்புதான், அப்புறம் வந்த கே10 எஞ்சின் வேகன் ஆர் 998, அது கீழ் ஸ்லாப்பு. ஐ10லயும் 1.1 எஞ்சின் 1086தான். மாருதி 800, ஆம்னி, இயான் 0.8, க்விட் 800, ஸ்பார்க், நானோ இதெல்லாம் ஆயிரத்துக்குள்ள வந்துரும். (ஸ்பார்க் வேண்டாம்ங்க, அந்த கம்பெனி 2017லயே இந்தியாவுல விக்கறத நிறுத்திருச்சு, ஸ்பேருக்கு அலையோணும்.) பேர பார்த்து முடிவு பண்ணாதீங்க, வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் புக்கு ஆர்சில க்யூபிக் கெப்பாசிட்டின்னு ஒரு கட்டம் இருக்கும், அந்த நம்பர பாருங்க.

ஆனா அக்கா, இன்சூரன்ஸ்ல 1,500 மிச்சம்ங்கறது சின்ன விஷயம், அந்த சான்ட்ரோவ நான் வேண்டாம்னு சொல்றதுக்கு காரணமே வேற. 2009 மாடல்னா ரெஜிஸ்ட்ரேஷன் செல்லற 15 வருஷம் 2024லயே முடிஞ்சு போச்சு. ரெனியூவல் பண்ணிட்டாங்களான்னு கேட்டீங்களா? பண்ணலைன்னா எஃப்சி (வண்டி ஓட்டத் தகுதியா இருக்குதுங்கற ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட்) காட்டோணும், 15 வருஷம் ஆன காருக்கு ரெனியூவல் ஃபீஸ் 2022 ஏப்ரல்லயே 5,000 ஆக்கிட்டாங்க, அதுபோக கிரீன் டாக்ஸ், எஃப்சிக்கு நிறுத்தறதுக்கு டிங்கரிங் பெயிண்டிங்னு ஒர்க்ஷாப்காரரு தனியா ஒரு பில்லு போடுவாரு. இத்தனையும் முடிஞ்சாலும் அஞ்சு வருஷத்துக்குத்தான் செல்லும். ரெனியூவல் ஆகாத வண்டின்னா 85 இல்ல, 60க்கு குடுத்தாலும் நீங்க யோசிக்கோணும்.

அடுத்தது பார்டர் விஷயம். நீங்க இருக்கறது கேரளா, ஆதார் கேரளா, வண்டி தமிழ்நாடு. பொள்ளாச்சி ஆர்டிஓல உங்க பேருக்கு அப்படியே மாத்த முடியாது, அட்ரஸ் அங்க இல்லையே. அங்க ஃபார்ம் 28 போட்டு என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கோணும், லோன் இருந்தா பேங்க்ல ஃபார்ம் 35 வாங்கி ஆர்சில இருக்கற லோன் பதிவ (ஹெச்பி) கேன்சல் பண்ணோணும், ஃபைன் ஏதாவது பாக்கி இருந்தா கட்டோணும், அப்புறம் இங்க சித்தூர்ல வந்து புது நம்பர் போட்டு ரோடு டாக்ஸ் கட்டோணும். புரோக்கர் என்ன சொல்வாருன்னா, அட பார்டர் ஊருதானே, டிஎன் நம்பர்லயே ஓட்டிக்கலாம், கோபாலபுரம் செக்போஸ்ட்ல யாரு புடிக்கறாங்கன்னு சொல்வாரு. சட்டப்படி இன்னொரு ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா ரெஜிஸ்ட்ரேஷன மாத்தியே ஆகோணும். 2017ல டாக்ஸ மிச்சம் பண்ண புதுச்சேரில ரெஜிஸ்டர் பண்ணுன கார் விவகாரம் கேரளாவுல எவ்வளவு பெருசா ஓடுச்சுன்னு உங்களுக்கே தெரியும். அது கோடி ரூபா கார், நம்முது லட்ச ரூபா கார், ஆனா நிறுத்தி கேக்கறப்ப பதில் சொல்லப்போறது உங்க பையன்தான், புரோக்கர் வரமாட்டாரு. இன்சூரன்சுக்கு பார்டர் கிடையாது, டாக்ஸுக்கு உண்டு. பார்டர் தாண்டி விலை கம்மியா தெரியறது பாதி இதனாலதான்.

அதனால ஆல்ட்டோ. 2012ன்னா 15 வருஷம் முடியறது 2027ல, அதையும் மனசுல வச்சுக்கிட்டு விலை பேசுங்க, ரெனியூவல் செலவ சொல்லியே ஒரு பத்தாயிரம் கொறைக்கலாம்.

இப்ப ஃபுல் கவரா (நம்ம வண்டி சேதத்துக்கும் சேர்த்து போடறது) தேர்ட் பார்ட்டியான்னு ஒண்ணு இருக்குது. நான் பொதுவா பத்து வருஷம் தாண்டுன வண்டிக்கு தேர்ட் பார்ட்டி போதும்னு சொல்றவன், சேனல்ல எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். ஏன்னா பழைய வண்டிக்கு கிளைம் போனா பிளாஸ்டிக், ரப்பர் ஐட்டத்துக்கு பாதி, பத்து வருஷம் தாண்டுன வண்டின்னா இரும்பு பார்ட்டுக்கும் பாதி கழிச்சுருவாங்க, அதுல ஆயிரம் ரூபா நம்ம பங்கு வேற. பம்பர் மாத்தறதுக்கு ஃபுல் கவர் போடறதெல்லாம் வேஸ்ட்டு.

ஆனா இந்த அக்காவுக்கு நான் ஃபுல் கவர்தான் சொல்வேன். ஏன்னு கேளுங்க. தேர்ட் பார்ட்டிங்கறது வெளிய இருக்கறவங்களுக்கு, ரோட்டுல போறவங்க, எதிர்ல வர்ற வண்டி, அவங்களுக்கு. நம்ம காருக்குள்ள உக்காந்திருக்கற அம்மாவுக்கு அதுல ஒண்ணும் கிடையாது. இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. ஃபுல் கவர் போட்டா உள்ள வர்றவங்களுக்கான நஷ்ட ஈடு பொறுப்பும் சேர்ந்து வருது. அந்த ஆல்ட்டோவுக்கு ஐடிவி (இன்சூரன்ஸ்ல வண்டிக்கு போடற மதிப்பு) ஒரு லட்சம் பக்கம் வச்சா ரெண்டாயிரம் மூணாயிரம் கூட ஆகும், மொத்தமா அஞ்சு ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சுரும். புதுசா ஓட்டற பையன், பின்னாடி சீட்டுல வயசானவங்க, வாரா வாரம் ரோடு, இதுக்கு போடலாம். அது முடியவே முடியாதுன்னா தேர்ட் பார்ட்டியோட பாசஞ்சருக்கு பிஏ கவர்னு (விபத்து காப்பீடு) ஒண்ணு சேர்க்க சொல்லுங்க, சில நூறு ரூபாதான் வரும், ஏஜென்ட் தானா சொல்ல மாட்டாரு, நம்மதான் கேக்கோணும்.

இன்னொண்ணு, வண்டிய யார் பேர்ல வாங்கறது? ஓனர் டிரைவர் பிஏன்னு 15 லட்சத்துக்கு ஒரு கவர் இருக்குது, அது ஆர்சில யார் பேரு இருக்குதோ அவங்களுக்கு மட்டும்தான், அவங்களுக்கு லைசென்சும் இருக்கோணும். அக்காவுக்கு லைசென்ஸ் இல்லைன்னு மெசேஜ்லயே சொல்றாங்க. அக்கா பேர்ல வாங்குனா அந்த கவரே கிடைக்காது, ஓட்டற பையனுக்கும் கிடையாது. பையன் பேர்லயே வாங்கிருங்க, 19 ஆச்சே.

அப்புறம் விக்கறவரு சொல்வாரு, இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்குது, 50 பர்சென்ட் என்சிபி (கிளைம் போகாததுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி) ஓடுதுன்னு. அந்த என்சிபி அவருக்கு, வண்டிக்கு இல்ல. வண்டி கை மாறுனா அது உங்களுக்கு வராது, அவரு தன்னோட அடுத்த வண்டிக்கு எடுத்துட்டு போயிருவாரு. அதுக்காக விலைய ஏத்துனா ஒத்துக்காதீங்க. பாலிசிய வாங்குன 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுங்க. தேர்ட் பார்ட்டி பகுதி தானா கூட வந்துரும், ஆனா நம்ம வண்டி டேமேஜுக்கு கிளைம் போகோணும்னா ஆர்சி ஒரு பேரு பாலிசி ஒரு பேருன்னு இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க. சில கன்சல்டிங்ல (பழைய வண்டி வாங்கி விக்கற கடை) பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து மட்டும் வாங்கி பேர எழுதாம காலியாவே வச்சிருப்பாங்க, அப்படியே நாலு கை மாறும். 2018ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குது, ஆர்சில பேரு இருக்கறவர்தான் ஓனர்னு. அதனால நியாயமா விக்கறவருக்கும் பேர் மாத்தறதுல அவசரம் இருக்கோணும், இல்லாம இழுத்தாருன்னா ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்.

விலைய புரோக்கர் வச்சு பேசாதீங்க, பொள்ளாச்சி மாட்டுச் சந்தைல துண்டுக்கடியில வெரல் புடிச்சு பேசற மாதிரி, ரெண்டு பக்கமும் என்ன விலைன்னு நடுவுல இருக்கறவருக்கு மட்டும்தான் தெரியும். ஓனர நேர்ல பார்த்து பேசுங்க.

வண்டி பார்க்க போறப்ப ஒண்ணே ஒண்ண மறக்காதீங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கேரளாவுல எத்தனையோ கார் முழுகுச்சு, அதுல சிலது கழுவி பாலிஷ் போட்டு மார்க்கெட்டுக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் முழுசா இழுத்து பாருங்க, வெளிய தெரியற துணி பளிச்சுன்னு இருக்கும், உள்ள சுருண்டு கெடக்கற பக்கம் சேத்துக்கறை கோடு போட்டிருக்கும், அத யாரும் கழுவ மாட்டாங்க. டிக்கில ஸ்டெப்னிய தூக்கிட்டு அந்த குழிய தடவிப் பாருங்க. வண்டிய காலைல எஞ்சின் குளுந்து இருக்கறப்ப ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, போறதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா திரும்பி வந்துருங்க. ஆயில் மூடிய தெறந்து உள்பக்கம் பாருங்க, வெள்ளையா மோர் மாதிரி ஒட்டியிருந்தா தண்ணி கலக்குது, ஹெட் கேஸ்கெட் வேலை, வேண்டாம். கவர்மெண்ட்டோட எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு லோன், இன்சூரன்ஸ் தேதி பார்த்துக்கோங்க, சேஸிஸ் நம்பர ஆர்சியோட ஒத்து பாருங்க. அட்வான்ஸ் அஞ்சாயிரத்துக்கு மேல குடுக்காதீங்க, மீதிய சித்தூர் ஆபீஸ்ல பேர் மாத்த எழுதிக் குடுக்கற அன்னைக்கு குடுத்தா போதும்.

மீதி காசுல டயர் பாருங்க, சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், பட்டன் (ரோட்டுல படற மேல்பக்கம்) நல்லா இருந்தாலும் ஆறு ஏழு வருஷம் ஆயிருந்தா மாத்திருங்க.