"லைன்லயே இருங்க சார்": போலி பேங்க் அழைப்பு எப்படி வேலை செய்கிறது

(திரை: அதிர்கிற போன். அழைப்பவர் பெயர் இருக்கும் இடத்தில் பேங்க்கின் பெயர்.)

"வணக்கம் சார், உங்க பேங்க்கோட பாதுகாப்புப் பிரிவுல இருந்து பேசறேன். இப்போ உங்க கார்டுல ஒரு பெரிய தொகைக்குப் பர்ச்சேஸ் நடந்திருக்கு. நீங்க பண்ணினதுதானே?"

"இல்லையே, நான் எதுவும் வாங்கலையே!"

"அப்படியா சார்? பதறாதீங்க, நான் நிறுத்திக் கொடுத்துடறேன். லைன்லயே இருங்க, கட் பண்ணிடாதீங்க."

(திரை: காட்சி உறைகிறது.)

இந்த அழைப்பை இங்கேயே நிறுத்திவைப்போம். அவர் இன்னும் ஓடிபி கேட்கவில்லை, பின் நம்பர் கேட்கவில்லை. பார்த்தால் உதவிக்கு வந்தவர் மாதிரிதான் இருக்கிறார். ஆனால் அவருக்கு வேண்டிய முதல் காரியம் நடந்துவிட்டது. உங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைப் போக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்றும் ஆகிவிட்டது. இனி அவர் சொல்லப்போகும் எல்லாமே நீங்கள் அழைப்பைத் துண்டிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான். துண்டித்துவிட்டு, கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டால் சில நிமிடங்களில் குட்டு உடைந்துவிடும். அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"பேங்க் நம்பர்தானே வந்துச்சு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

(திரை: அழைப்பு ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகும் பாதை. எண் மட்டும் வழியில் மாறுகிறது.)

உங்கள் திரையில் தெரியும் எண், அழைப்பு கிளம்பும் பக்கத்திலிருந்து கூடவே வரும் ஒரு தகவல், அவ்வளவுதான். இணையம் வழியாகப் போகும் அழைப்புகளில் அந்த இடத்தில் வேறொரு எண்ணைப் போட்டு அனுப்ப முடியும். வழியில் யாரும் சரிபார்க்காவிட்டால் அது அப்படியே உங்கள் போன் வரைக்கும் வந்து சேரும். பேங்க்கின் எண்ணை ஏற்கனவே பெயரோடு சேமித்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பொய் எண்ணுக்கும் உங்கள் போன் அதே பெயரைத்தான் காட்டும். இதைத் தடுக்க அமெரிக்கா 2019-ல் சட்டமே இயற்றியது. எண் நிஜமானதுதானா என்று சரிபார்க்க உதவும் ஒரு டிஜிட்டல் கையொப்பத்தை ஒவ்வொரு அழைப்போடும் சேர்க்கும் முறையை, இணைய வழி அழைப்புகளில், பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2021 ஜூன் மாத இறுதிக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. கொண்டும் வந்தார்கள். மோசடி அழைப்புகள் நின்றபாடில்லை.

குறுஞ்செய்தியிலும் இதே சங்கடம். அனுப்புநர் பெயரைப் போலியாக வைத்து அனுப்பினால், பல போன்கள் அதைப் பேங்க்கின் உண்மையான செய்திகள் இருக்கும் அதே வரிசையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். போன மாதம் வந்த நிஜச் செய்திக்குக் கீழேயே இன்றைய பொய்ச் செய்தி. யாராக இருந்தாலும் நம்பத்தான் செய்வார்கள்.

சரி, அழைப்பைத் தொடர்வோம்.

"சந்தேகமா இருந்தா நான் ஒண்ணு சொல்றேன் சார். உங்க கார்டு நம்பர் இந்த ஆறு எண்ல ஆரம்பிக்குது, சரியா?"

(திரை: ஒரு கார்டு. முதல் ஆறு இலக்கங்கள் ஒளிர்கின்றன.)

சரியாகத்தான் இருக்கும். கார்டு எண்ணின் முதல் ஆறு முதல் எட்டு இலக்கங்கள், அந்தக் கார்டை எந்தப் பேங்க் வழங்கியது என்பதைக் குறிப்பவை. அதே பேங்க்கின் அதே வகைக் கார்டு வைத்திருக்கும் ஏராளமானவர்களுக்கும் அவை ஒன்றாகவே இருக்கும். ரகசியமே இல்லாத ஒன்றை ரகசியம் மாதிரி வாசித்துக் காட்டுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. பெயர், பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் எல்லாம் எங்கெங்கோ கசிந்த தகவல் தொகுப்புகளில் கிடைக்கின்றன. அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்பதால் அவர் பேங்க் ஆள் ஆகிவிட மாட்டார்.

அடுத்தது ஓடிபி. "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற அறிவுரையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பிறகும் ஏன் சொல்லிவிடுகிறார்கள்? விவரம் தெரியாததால் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த நேரத்தில் அதை யாரும் ஓடிபி என்று சொல்லிக் கேட்பதில்லை என்பதுதான் காரணம்.

"பர்ச்சேஸைக் கேன்சல் பண்றதுக்கு இப்போ ஒரு கோட் வரும் சார். அதைப் படிச்சுச் சொன்னீங்கன்னா உடனே நிறுத்திடலாம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு திரையில் உங்கள் பெயரில் பேங்க் தளத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார். அல்லது உங்கள் கார்டு எண்ணைப் போட்டு எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறார். அதற்காக நிஜமான பேங்க்கிலிருந்தே நிஜமான எண் உங்களுக்கு வருகிறது. அவர் வரும் என்று சொன்னார், வந்துவிட்டது. நம்பிக்கை இன்னும் கூடிவிடுகிறது.

இங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தச் செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வரியையும் படியுங்கள். எதற்காக அந்த எண் அனுப்பப்பட்டது என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும்: இத்தனை தொகை செலுத்த, புதிய பயனாளியைச் சேர்க்க, கடவுச்சொல்லை மாற்ற, புதிய போனைப் பதிவுசெய்ய. ரத்து செய்வதாக ஒருவர் சொல்கிறார், செய்தியோ பணம் செலுத்துவதைப் பற்றிப் பேசுகிறது என்றால், பொய் சொல்வது செய்தி அல்ல. சந்தேகமான பரிவர்த்தனையை நிறுத்தவோ கார்டை முடக்கவோ பேங்க்குக்கு உங்கள் ஓடிபி தேவையே இல்லை.

(திரை: இரண்டு கணக்குகள். ஒன்றின் மேல் "பாதுகாப்பான கணக்கு" என்ற பலகை.)

இதைவிடப் பெரிய தொகைகளைக் கொண்டுபோவது இன்னொரு முறை. இதில் அவர் எந்த எண்ணையும் கேட்கவே மாட்டார். "உங்க அக்கவுண்டை யாரோ கைப்பற்றப் பார்க்கறாங்க. உங்க பேர்லயே ஒரு பாதுகாப்பான கணக்கு திறந்திருக்கோம், பணத்தை அதுக்கு மாத்திடுங்க" என்பார். மாற்றுவது நீங்கள். உள்ளே நுழைவது நீங்கள், கடவுச்சொல் போடுவது நீங்கள், உறுதிசெய்வதும் நீங்கள். பேங்க்கின் கணினிக்கு இதில் திருட்டு எதுவும் தெரியாது. ஆபத்து என்றால் பேங்க் உங்கள் கணக்கை உள்ளிருந்தே முடக்கிவிட முடியும். உங்களை வைத்துப் பணத்தை இடம் மாற்ற வேண்டிய அவசியம் அதற்கு ஒருநாளும் வராது. அதனால் "பாதுகாப்பான கணக்கு" என்ற பேச்சு வந்ததுமே அது மோசடி என்று முடிவு கட்டிவிடலாம். வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வசனம் வரும்: "இதுல எங்க கிளை ஊழியர் ஒருத்தரே சம்பந்தப்பட்டிருக்கார் சார். பேங்க்ல கேட்டாங்கன்னா வேற ஏதாவது காரணம் சொல்லுங்க. வீட்லயும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்." என்னைக் கேட்டால், அழைப்பு முழுவதிலும் இதுதான் மிக மோசமான இடம். உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒவ்வொருவரையும் உங்கள் கையாலேயே விலக்கிவைக்கச் சொல்கிறார். நேர்மையான எந்த பேங்க் ஊழியரும் சக ஊழியரிடம் பொய் சொல்லும்படி உங்களிடம் கேட்க மாட்டார்.

"செட்டிங்ஸ் பார்க்கணும், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்றால் அது திரைப் பகிர்வு. எனிடெஸ்க் போன்ற செயலிகள் அலுவலகங்களில் நல்ல காரியத்துக்குப் பயன்படுபவைதான். அவற்றின் இணைப்பு எண்ணை முன்பின் தெரியாதவருக்குச் சொன்னால் உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். இந்திய ரிசர்வ் வங்கி 2019-லேயே இதுபற்றி வங்கிகளை எச்சரித்தது. கணினியில் இது நடந்தால் கூடுதலாக ஒரு நாடகமும் அரங்கேறும். "உங்களுக்கு ரீஃபண்ட் அனுப்பினோம், தவறுதலா அதிகமா வந்திருச்சு, மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க" என்பார்கள். திரையில் இருப்பும் கூடித் தெரியும். உண்மையில் பணம் எதுவும் வந்திருக்காது. பிரவுசரில் தெரியும் பக்கத்தின் எழுத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய இருப்பே திரும்பி வந்துவிடும்.

"நட்சத்திரக் குறி போட்டு இந்த எண்ணை டயல் பண்ணுங்க" என்று சொன்னால், அது பெரும்பாலும் உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. அப்புறம் பேங்க் உங்களைக் கூப்பிட்டாலும் அவர்தான் எடுப்பார். குரல் வழியாகச் சொல்லப்படும் ஓடிபியும் அவர் காதுக்கே போகும். பெரும்பாலான மொபைல் நெட்வொர்க்குகளில் ##002# என்று டயல் செய்தால் எல்லாத் திருப்புதல்களும் ரத்தாகும்.

(திரை: கட் பட்டனை நோக்கி நகரும் விரல்.)

இப்போது துண்டிக்கும் கட்டம். "என்னை நம்பலைன்னா மேலதிகாரிக்கு மாத்தித் தர்றேன்" என்பார். இன்னொரு குரல் வரும், பின்னணியில் காத்திருப்பு இசைகூடக் கேட்கும். அந்த "மேலதிகாரி" பெரும்பாலும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கூட்டாளிதான். லேண்ட்லைனில் வேறொரு தந்திரமும் நடந்திருக்கிறது: நீங்கள் ரிசீவரை வைத்த பிறகும் அழைத்தவர் வைக்காவிட்டால், சில இணைப்புகளில் லைன் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். அவர் டயல் டோனைப் போட்டுக் காட்டுவார். நீங்கள் பேங்க் எண்ணை அழுத்துவீர்கள், பேசுவது அதே கும்பல். லேண்ட்லைனில் வந்த அழைப்பைச் சரிபார்க்க வேறொரு போனை எடுப்பது நல்லது.

துண்டித்த பிறகு கூப்பிடும் எண்ணிலும் கவனம் வேண்டும். தேடுபொறியில் "கஸ்டமர் கேர்" என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழுத்தாதீர்கள். அங்கேயும் போலி எண்களை விளம்பரமாகவும் வரைபடப் பக்கங்களிலும் போட்டு வைக்கிறார்கள். கார்டின் பின்பக்கம், பேங்க்கின் சொந்தச் செயலி, கணக்கு அறிக்கை ஆகியவற்றில் இருக்கும் எண் போதும். பிரிட்டனில் 159-ஐ அழைத்தால், அந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் உங்கள் வங்கிக்கே நேராக இணைப்பார்கள். எல்லா நாடுகளிலும் இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிஜமான பேங்க்கும் சிலசமயம் கூப்பிடும், "இந்தப் பரிவர்த்தனை உங்களுடையதா?" என்று கேட்கவும் செய்யும். அது பேங்க்தானா என்று அந்த அழைப்பிலேயே கண்டுபிடிக்க நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. "நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். நிஜ ஊழியர் சரி என்பார். மற்றவர் கெஞ்சுவார், அவசரப்படுத்துவார், கடைசியில் அதட்டுவார்.

ஏற்கனவே ஏதாவது சொல்லிவிட்டீர்கள் என்றால் நேரம்தான் பெரிது. திருடிய பணம் ஒரு கணக்கில் தங்காது. வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாக மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். அது கிளம்புவதற்குள் முடக்கினால் மீட்க வாய்ப்பு உண்டு. முதலில் பேங்க்கைக் கூப்பிட்டுக் கார்டையும் இணைய வழிச் சேவையையும் முடக்குங்கள். செயலி எதையாவது நிறுவியிருந்தால் அந்தப் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பேசி, கடவுச்சொற்களையும் அங்கிருந்தே மாற்றுங்கள். பிறகு சைபர் குற்றப் புகார். இந்தியாவில் 1930 இதற்கான எண்.

வெட்கத்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய விவரத்தைச் சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. எந்த நேரத்தில் தெரிவித்தீர்கள் என்பதே இங்கே பணம். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வேறு வழி: 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டு உடனடிப் பணப் பரிமாற்றத்தில் ஏமாற்றப்பட்டவர்களுக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், சில விதிவிலக்குகளோடு.

(திரை: மறுபடியும் அதிர்கிற போன். இந்த முறை அறிமுகமில்லாத எண்.)

சில வாரங்கள் கழித்து இன்னொரு அழைப்பு வரலாம். "நீங்க இழந்த பணத்தைக் கண்டுபிடிச்சுட்டோம் சார், மீட்டுத் தர ஒரு சின்னக் கட்டணம் மட்டும் கட்டணும்." எவ்வளவு இழந்தீர்கள், எந்தத் தேதி, எந்தக் கணக்கு என்று எல்லாம் சரியாகச் சொல்வார். ஏமாந்தவர்களின் பட்டியல் கை மாறி விற்கப்படுகிறது. சிலசமயம் கூப்பிடுவது அதே ஆட்களாகவே இருக்கலாம். இதையும் துண்டித்துவிட்டு, உங்கள் புகாரை விசாரிக்கும் அலுவலகத்துக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.