ஜாக்கி ஒழுகுகிறதா? தூக்கிப் போடுவதற்கு முன் இந்தத் தொன்னையைப் பாருங்கள்!

[காட்சி: போர்ட்டிகோ தரையில் எண்ணெய்த் திட்டு. பக்கத்தில் சிவப்பு டிராலி ஜாக்கி.]

வணக்கம் மக்களே. இந்தக் கறை மூன்று மாதமாக எங்கள் வேளச்சேரி வீட்டு போர்ட்டிகோவில் குடியிருக்கிறது. நான் மரத்தூள் போட்டேன், அம்மா சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. ஒழுகுவது காரைத் தூக்கும் இந்த 2 டன் எண்ணெய் ஜாக்கி. புதிது வாங்கினால் மூவாயிரம், நாலாயிரம் ஆகும். இதைச் சரிசெய்ய எனக்கு ஆன மொத்தச் செலவு 310 ரூபாய். அதில் நூறு ரூபாய் என் அவசரபுத்திக்குக் கட்டிய தண்டம். அந்தக் கதை நடுவில் வருகிறது, ஓடிவிடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதி கார்களெல்லாம் மேம்பாலத்தில் ஏறி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் காரும் போனது. ஜாக்கியை மட்டும் யாரும் அழைத்துப் போகவில்லை. இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்த பிறகு மேலே துடைத்து வைத்துவிட்டேன், உள்ளே என்ன ஆனது என்று பார்க்கவில்லை. இப்போது எண்ணெய் மூடியைத் திறந்தால், உள்ளே டீக்கடை டீ மாதிரி வெளுத்த எண்ணெய். தண்ணீர் கலந்த எண்ணெய் இப்படித்தான் இருக்கும்.

ஜாக்கி தூக்குகிற தத்துவம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பாஸ்கல் விதி. சின்னக் குழாயில் அழுத்தினால் அதே அழுத்தம் பெரிய குழாயிலும் வரும், பரப்பு எத்தனை மடங்கோ விசையும் அத்தனை மடங்கு. பம்பு தண்டு 10 மி.மீ., தூக்கும் தண்டு 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 9 மடங்கு. கைப்பிடி நெம்புகோல் தருவது தனி. அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

இல்லை, ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த 30 மி.மீ. தண்டின் மேல் 1 டன் உட்கார்ந்தால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 2000 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் காற்று 30, 33 பிஎஸ்ஐ. அறுபது மடங்கு! அதனால்தான் சுமை இருக்கும்போது கசிவை விரலால் தடவிப் பார்க்காதீர்கள் என்கிறேன். ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பழுது பார்ப்பதெல்லாம் ஜாக்கி சும்மா இருக்கும்போதுதான்.

அதோடு இன்னொன்று. ஜாக்கி நன்றாக வேலை செய்தாலும் அதை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டால் நம்ம ஊரில் வீட்டையே தூக்குகிறார்களே, பார்த்திருப்பீர்கள். சுவருக்கு அடியில் வரிசையாக நிற்பவை பெரும்பாலும் திருகு ஜாக்கிகள். எண்ணெயே கிடையாது. மரை தானாகப் பின்னால் சுழலாது, வைத்த இடத்தில் நாள்கணக்கில் நிற்கும். நம் ஜாக்கியைத் தாங்கிப் பிடிப்பது ஒரு ரப்பர் வளையமும் ஒரு குட்டி இரும்பு உருண்டையும்தான். அந்த இரண்டின் தலையெழுத்தை நம்பி நெஞ்சைக் கொடுக்கலாமா, சொல்லுங்கள்.

[காட்சி: தினசரித்தாள் விரித்த தரை, ஜாக்கியின் மேல் வெள்ளைப் பவுடர்.]

முதலில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். எண்ணெய் படர்ந்து உடம்பெல்லாம் ஈரமாக இருப்பதால் தொட்டுப் பார்த்துத் தெரியாது. மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்டும் வைத்து நன்றாகத் துடையுங்கள். காய்ந்ததும் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். இருபது முறை பம்பு அடித்து, இரவு முழுக்கப் பேப்பர் மேல் விட்டுவிடுங்கள். காலையில் பவுடர் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் இடம். எனக்குக் கைப்பிடிக்குக் கீழே, பம்பு தண்டின் கழுத்தில் நனைந்திருந்தது. ஜாக்கிக்கு நெற்றியில் சந்தனம் வைத்த மாதிரி ஒரு வட்டம்.

வெளியே சொட்டு இல்லை, ஆனால் தூக்கிய வண்டி மெதுவாக இறங்குகிறது என்றால் அது வேறு வியாதி. பெரும்பாலும் ரிலீஸ் வால்வு, அதாவது வண்டியை இறக்கத் திறக்கும் வால்வு, சரியாக மூடவில்லை. என் ஜாக்கிக்கு இரண்டும் இருந்தது.

கழற்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாக்கியைக் கீழே இறக்கி, எண்ணெயை ட்ரேயில் வடித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். பம்பு தண்டின் நட்டைத் திருகினால் தண்டு மேலே வந்துவிடும். ரிலீஸ் திருகைக் கழற்றும்போது அடியில் கையை வையுங்கள், உள்ளேயிருந்து மிளகு அளவு இரும்பு உருண்டை விழும். நான் வைக்கவில்லை. டிங் என்று ஒரு சத்தம், அப்புறம் உருண்டையைக் காணோம். பெட்ரோல் பங்க்கில் இலவசமாகக் கொடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் போர்ட்டிகோ முழுக்க இழுத்தேன். இரண்டு ஆணி கிடைத்தது, உருண்டை கிடைக்கவில்லை. பக்கவாட்டில் சீல் வைத்த மாதிரி ஒரு திருகு இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது அளவுக்கு மீறிச் சுமை ஏற்றாமல் தடுக்கும் வால்வு.

பழைய ரப்பரையெல்லாம் ஒரு கவரில் போட்டுக்கொண்டு பாரிமுனைப் பக்கம் போனேன். கடைக்கார அண்ணன் வளையத்தை வாங்கி நகத்தால் ஒரு அழுத்து அழுத்தினார். பிசுபிசுவென்று ஊறிப்போயிருந்தது.

"தம்பி, இதுல பிரேக் ஆயில் ஊத்துனியா?"

திருதிருவென்று விழித்தேன். ஊற்றியது நானேதான். எண்ணெய் குறைந்திருந்தது, கையில் பிரேக் ஆயில் மிச்சம் இருந்தது, அதுவும் ஹைட்ராலிக் தானே என்று ஊற்றிவிட்டேன். பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. ஜாக்கிக்குள் இருப்பது நைட்ரைல் ரப்பர். கனிம எண்ணெயில் அது வருஷக்கணக்கில் வாழும், கிளைக்காலில் ஊறிக் கெட்டுவிடும். பிரேக் ரப்பருக்கு நேர் எதிர், அதற்குக் கனிம எண்ணெய் ஆகாது. இடம் மாற்றி ஊற்றினால் இரண்டும் கெடும். உங்களில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறீர்கள்? கமெண்டில் ஒப்புக்கொள்ளுங்கள், எனக்குத் துணை வேண்டும்.

ஊறிய வளையத்தை அளந்தால் அளவு தப்பும், அது உட்காரும் பள்ளத்தை வெர்னியரில் அளந்துகொண்டு வா என்றும் அண்ணன் திருப்பி அனுப்பினார். இரண்டு முறை பஸ். சரி.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு கப் சீல். பக்கத்தில் பிரசாதத் தொன்னை.]

இப்போது இந்த வீடியோவின் கதாநாயகன். இதைக் கப் சீல் என்பார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தொன்னை மாதிரி இருக்கும், ஒரு பக்கம் வாய், ஒரு பக்கம் அடி. கோயில் தொன்னையில் சுடச்சுடப் பொங்கல் வைத்தால் இலை இரண்டு பக்கமும் விரியும் அல்லவா? இதன் வாய்க்குள் எண்ணெய் அழுத்தும்போது உதடுகள் அப்படியே விரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சுமை கூடக் கூட இன்னும் இறுக்கமாக ஒட்டும். கசிய வைக்க வேண்டிய அழுத்தத்தையே காவலுக்கு நிறுத்துகிற வேலை!

இதற்கு ஒரு கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1795-ல் லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு, அதாவது திரவ அழுத்தத்தால் பொருளை நசுக்கும் இயந்திரத்துக்கு, காப்புரிமை வாங்கினார். அவர் ஏற்கெனவே கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கியவர். அவர் செய்த பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (அந்தக்கால இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று கடை ஜன்னலில் எழுதி வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, 1851-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் திறந்தார், மொத்தம் 51 மணி நேரம் மல்லுக்கட்டி. அப்படிப்பட்ட பிராமாவின் பிரஸ்ஸும் நம் ஜாக்கி மாதிரியே ஒழுகியது. தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் தண்டு நகராது, தளர்த்தினால் ஒழுகும். அவர் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லி என்ற இளைஞர்தான் தோலில் ஒரு கிண்ண வடிவ வளையம் செய்து கொடுத்தார் என்கிறார்கள். அழுத்தம் வந்தால் இறுகும், போனால் தளரும். அதே தொன்னை! தோலுக்குப் பதில் இன்று ரப்பர், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் வாரம் 30 ஷில்லிங் சம்பளத்தை உயர்த்திக் கேட்டார் மாட்ஸ்லி. பிராமா மறுத்துவிட்டார். 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்ட மாட்ஸ்லி, துல்லியமாக மரை வெட்டும் கடைசல் இயந்திரத்துக்குப் பெயர் வாங்கினார். இங்கிரிமென்ட் கேட்டுக் கிடைக்காதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள்.

சரி, என் தண்டக் கதை. தொன்னையைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். வாய் எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும், நான் வெளிப்பக்கம் வைத்துப் பூட்டினேன். பம்பு அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் தண்டின் கழுத்தில் எண்ணெய் புளிச் புளிச் என்று வந்தது. மெரினா காற்றில் குடை மடங்குகிற மாதிரி உதடு உள்ளே மடிந்து கிழிந்துவிட்டது. மறுபடி பாரிமுனை, மறுபடி அண்ணன். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை, சிரித்தார்.

புது உருண்டையை ரிலீஸ் வால்வின் இருக்கையில் வைத்து, பித்தளைக் கம்பியால் மெதுவாக ஒரே ஒரு தட்டு. இருக்கையில் துருவின் கீறல் இருந்தால் அந்தத் தட்டில் உருண்டைக்கு வட்டமான தடம் விழும். ஓங்கி அடித்தால் இருக்கையே போய்விடும்.

எண்ணெய் 32 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றினேன். ஜாக்கி முழுக்க இறங்கியிருக்கும்போது துளையின் கீழ் விளிம்புவரை போதும். வழிய வழிய ஊற்றினால் முழுசாக இறங்காது, மூடி வழியாக மறுபடி கசியும். பிறகு ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு பதினைந்து முறை வேகமாகப் பம்பு அடியுங்கள், உள்ளே சிக்கிய காற்று போய்விடும். கைப்பிடி பஞ்சு மாதிரி அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது.

[காட்சி: காரின் முன்பக்கம் தூக்கியிருக்கிறது. ஸ்டாண்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.]

சோதனைக்குக் காரைத் தூக்கி, ஒரு விரற்கடை கீழே ஸ்டாண்டை வைத்து, பம்பரின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் கோடு கோட்டிலேயே இருந்தது. காரை இறக்கி, ஜாக்கியை இரவு முழுக்க புதுப் பேப்பர் மேல் விட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தால் எண்ணெய்ச் சொட்டு இல்லை, ராசிபலன் பக்கம் தெளிவாகப் படிக்க முடிந்தது.

தொலைந்த அந்த உருண்டை? போன வாரம் அம்மா கோலம் போட உட்கார்ந்தபோது வாசற்படி இடுக்கில் இருந்து எடுத்துக் கொடுத்தார். "மிளகு மாதிரி இருக்கேன்னு கடிச்சிடப் பாத்தேன்டா" என்றார்.