காற்றில் வருமா காசு?

நடுவர் அவர்களே, அவைக்கு வணக்கம். சம்பளத்துக்குப் பதிலா விளம்பரத்தை வாங்கிக்கிட்டு மேடை ஏறலாமா? கூடாதுங்கிறது எங்க அணி.

"அமெரிக்காவில் சூப்பர் பவுல்ங்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் பெரிய பாடகர்களே சம்பளம் பேசாமப் பாடுறாங்க"ன்னார் எதிரணித் தலைவர். சரிதான். ஆனா மேடை, விளக்கு, ஒலின்னு பெரும்பாலான செலவும் போட்டியை நடத்துற லீக் தலையில. 10 கோடிப் பேருக்கு மேல பார்க்கிறாங்க. மறுநாளே பாட்டு விற்குது. எனக்கு? ஆட்டோ காசே என் பாக்கெட்.

நான் மேஜிக் பண்றவன். ஒருத்தர் போன் பண்ணார். "சார், பட்ஜெட் இல்ல. ஆனா 400 பேர் வர்றாங்க, அத்தனையும் பெரிய இடம். உங்களுக்குத்தான் விளம்பரம்!" நம்பிப் போனேன். மேடை போட்டவருக்குக் காசு, மைக்செட்டுக்குக் காசு, போட்டோ எடுத்தவருக்குக் காசு. எனக்கு விளம்பரம்.

பொய் சொல்லக்கூடாது, விளம்பரம் வேலை செஞ்சுது! ஒரே வாரத்துல 3 போன். முதல் போன்: "பிரமாதமாப் பண்ணீங்களாமே!" ஆமாங்க. "காசே வாங்கலையாமே!" ரெண்டாவது போன்: "பிரமாதமாமே!" ஆமாங்க. "காசே..." மூணாவது போனை என் மனைவி எடுத்தா. "பிரமா..."ன்னதுமே வெச்சுட்டா. பரவினது என் வித்தை இல்லை நடுவர் அவர்களே, என் ரேட்டு!

இதுக்கு எதிரணி அம்மா ஒரு குத்து விட்டாங்க பாருங்க. "காத்துலேர்ந்து நோட்டு எடுக்கிறவருக்குச் சம்பளம் எதுக்கு?" கைதட்டினீங்க, நானும் தட்டினேன். அம்மா, தொழில் ரகசியத்தைச் சொல்லிடறேன். காத்துலேர்ந்து நான் எடுக்கிற நோட்டு, வீட்டுலேர்ந்து நான் எடுத்துட்டுப் போன நோட்டு! சில நாள் அதையும் கைமாத்து வாங்கித்தான் எடுத்துட்டுப் போயிருக்கேன். முன் வரிசைப் பொடியன் ஒருத்தன் பிடுங்கிக்கிட்டு ஓடினான். அன்னைக்கு விளம்பரமும் போச்சு, முதலும் போச்சு.

இதே நோட்டைப் பத்தி என் பொண்ணும் ஒருநாள் கேட்டா. ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசி நாள். "அப்பா, கையில மறைச்சு வெச்சிருக்கியா?" ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன். வித்தைக்காரன் வெறுங்கையைக் காட்டினா, அடுத்து ஏதோ வரப்போகுதுன்னு அவளுக்குத் தெரியும். கண்ணைக்கூடச் சிமிட்டாம என் கையையே பார்த்துக்கிட்டு நின்னா நடுவர் அவர்களே.