ஊருக்கு ஒரு கதிர்வீச்சுக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு கதிர்வீச்சைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கூடங்குளம் இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். கல்பாக்கம் முந்நூறைத் தொடும். அணுமின் நிலையத்தைச் சுற்றி அவசரகாலத் திட்டம் போடும் வட்டம் நம் நாட்டில் 16 கிலோமீட்டர்தான். 2012 ஜூனில் கூடங்குளம் பக்கம் நக்கனேரியில் ஒத்திகை நடத்தினார்கள். அதுபோல இங்கே வந்து யாரும் நடத்தப்போவதில்லை. ஆனால் கதிர்வீச்சு அணுமின் நிலையத்திலிருந்துதான் வரவேண்டும் என்று சட்டமா என்ன? காயலான் கடை வழியாகவும் வரும்.

பிரேசிலில் கோயானியா என்ற ஊர். 1987 செப்டம்பரில், காலி செய்துவிட்டுப் போன ஒரு புற்றுநோய் சிகிச்சை நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கருவியிலிருந்து ஒரு பாகத்தை இரண்டு பேர் கழற்றி எடுத்து, பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள். உடைத்துப் பார்த்தால் இருட்டில் நீலமாக மின்னும் பொடி. கடைக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை; சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஒரு சின்னப் பெண் அந்தக் கையோடு சாப்பிட்டாள்.

வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதைக் கவனித்துச் சந்தேகப்பட்டவர் அந்தக் கடைக்காரரின் மனைவி. பொருளை ஒரு பையில் போட்டு, பேருந்தில் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். அதற்குப் பிறகுதான் அதிகாரிகளுக்கு விஷயம் தெரியும். நான்கு பேர் இறந்தார்கள், அந்தப் பெண்மணியும் சிறுமியும் உட்பட. 1,12,000 பேரை விளையாட்டு அரங்கில் வரிசையில் நிற்கவைத்துச் சோதித்ததில் 249 பேர் உடம்பிலோ உடையிலோ கதிரியக்கப் பொருள் ஒட்டியிருந்தது.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அடுப்புப் பக்கத்தில் நின்றால் சூடு படும், விலகினால் போயிற்று. பாத்திரத்தின் கரி கையில் ஒட்டினால் நாம் போகிற இடமெல்லாம் அதுவும் வரும். கதிர்வீச்சு படுவது முதல் வகை, கதிரியக்கப் பொருள் ஒட்டுவது இரண்டாம் வகை. கோயானியாவில் இரண்டும் நடந்தன.

பிரேசில் ரொம்ப தூரம் என்றால் டெல்லி இருக்கிறது. 2010-இல் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பல வருஷம் சும்மா கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த கருவியைப் பழைய சாமானாக ஏலம் விட்டார்கள். மாயாபுரி இரும்புக்கடைகளில் அதைப் பிரித்துப் போட்டார்கள். ஒருவர் இறந்தார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்தெடுத்த கதவு, நிலை, எனாமல் பாத்திரம், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த சாமான் எல்லாம் அடுக்கியிருக்கும். நடுவே பழைய கடிகாரங்கள். இருட்டில் முள் தெரிவதற்காக ஒரு காலத்தில் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். இன்று அந்த முள் ஒளிராது. அதனால் ரேடியம் போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒளிரும் பூச்சுதான் செத்துப்போயிருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 வருஷம். கண்ணாடி மூடியபடி அலமாரியில் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. மூடியைத் திறந்து, முள்ளைச் சுரண்டித் துடைக்கிறேன் பேர்வழி என்று உட்காராதீர்கள்.

சாமி புறப்பாட்டுக்கும் கல்யாணத்துக்கும் தூக்கி வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் ஒளிரும் வலையான மாண்டிலும் அப்படித்தான். பழைய மாண்டில்களில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. வெளியிலிருந்து பெரிய கேடு இல்லை. உதிர்ந்த சாம்பல் மூச்சில் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதைக் கேட்டுவிட்டு யாரும் ஆச்சி வைத்துவிட்டுப் போன விளக்கைக் குப்பையில் வீச வேண்டாம்.

இவையெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், வெல்டிங் செய்த குழாய்களைச் சோதிக்கப் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள், சில ஆலைகளில் பொருத்தியிருக்கும் கதிரியக்க அளவுமானிகள், சிகிச்சைக் கருவிகள். இவற்றுக்கெல்லாம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் கணக்கும் உண்டு. என்றாலும் ஒரு ஆலை மூடிக் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும்போது, ஒரு லாரி கவிழும்போது, கணக்குக்கும் பொருளுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. அப்போது முதலில் போய் நிற்பவர் விஞ்ஞானி இல்லை. கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, ஊராட்சித் தலைவர், பக்கத்துக் காவல் நிலையத்து ஏட்டு. இதற்குப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படைப்பிரிவு அரக்கோணத்தில் இருக்கிறது. அவர்கள் வந்து சேரும்வரை ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் பார்த்துக்கொண்டதற்கு ஜப்பானில் ஒரு கதை உண்டு. தோக்காய் என்ற கிராமம். 1999 செப்டம்பர் 30 காலை பத்தரை மணி சுமாருக்கு, அங்கிருந்த யுரேனிய ஆலையில் தொழிலாளர்கள் வாளியில் கரைசலைக் கொண்டுவந்து அளவுக்கு மேல் ஒரே தொட்டியில் ஊற்றிவிட்டார்கள். அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்று பிளக்கும் தொடர்வினை பிடித்துக்கொண்டது. இரண்டு தொழிலாளர்கள் பின்னால் இறந்தார்கள். ஆலைக்காரர்கள் கிராம அலுவலகத்துக்கு வந்து, சுற்றியுள்ள ஜனங்களை அப்புறப்படுத்துங்கள் என்றார்கள். மேலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை. கிராமத் தலைவர் தத்சுயா முராகாமி காத்திருக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு 350 மீட்டருக்குள் இருந்த சுமார் 160 பேரை வெளியேறச் சொல்லிவிட்டார். பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று மாகாண நிர்வாகம் சொன்னபோது மணி இரவு பத்தரை.

அதே நாட்டில் 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. நமியே ஊர் மக்கள் உலையிலிருந்து தள்ளிப்போவதாக நினைத்து ட்சுஷிமா பக்கம் போனார்கள். கதிரியக்கக் காற்றும் அந்தப் பக்கமே போனது. காற்று எங்கே போகும் என்ற கணிப்பு அரசாங்கத்திடம் இருந்தது. ஊருக்கு வந்து சேரவில்லை. பக்கத்தில் மிஹாரு என்ற ஊரில் அதிகாரிகள் காற்றையும் மழையையும் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்து, கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் அயோடின் மாத்திரையை மார்ச் 15 அன்று மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வாங்குங்கள் என்று மாகாணம் சொன்னது. அவர்கள் வாங்கவில்லை.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர்; உள்ளாட்சியின் மக்கள் பிரதிநிதி இணைத் தலைவர். தன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் செட்டிநாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல். பழைய கணக்கில் 96 ஊர் என்பார்கள்; இன்று கொஞ்சம் சிவகங்கையில், கொஞ்சம் புதுக்கோட்டையில். கானாடுகாத்தான் ஒரு ஆட்சியரிடம், ராமச்சந்திரபுரம் இன்னொருவரிடம். எல்லையில் லாரி கவிழ்ந்தால் எந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் போடுவது என்பதிலேயே அரை மணி போய்விடும். நகரத்தார் கோயில் காரியம் என்றால் மாவட்டம் பார்க்காமல் கூடுகிறோம் இல்லையா? காரைக்குடி மாநகராட்சியும் பக்கத்துப் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இதற்கும் அப்படி ஒரு கூட்டுக்குழு வைத்துக்கொள்ளலாம்.

குழுவுக்கு முதல் வேலை அளப்பது. எதுவும் நடக்காத நாளில் அளக்க வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு நாடெங்கும் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அது நாட்டுக்கான வலை, தெருவுக்கு வராது. கதிர்வீச்சு எந்த ஊரிலும் பூஜ்யம் இல்லை. உலக சராசரியில் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது; உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு அது. கருங்கல்லில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் உண்டு. ஆகவே வளவு வீட்டில் கல் தூணுக்குப் பக்கத்தில் கருவியை வைத்தால் ஒரு எண்ணும், முற்றத்து நடுவில் வேறொரு எண்ணும் காட்டலாம். வழக்கமான எண் தெரியாத ஊரில், நாளைக்கு யாரோ கருவியோடு வந்து ‘இங்கே கூடுதலாகக் காட்டுகிறது’ என்றால், புரளியா நிஜமா என்று சொல்ல ஆள் இருக்காது. வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும்.

ஊருணிக் கரை, பள்ளிக்கூட மைதானம், பேருந்து நிலையம், இரும்புக்கடை வாசல் என்று சில இடங்களைக் குறித்துக்கொண்டு மாதம் ஒரு முறை அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப்போடலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இருக்கும்போது, கருவி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கா பஞ்சம்? அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானமாக வைக்கலாம்.

இரும்புக்கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி போன்ற கறுப்பு அடையாளம், அல்லது அளவுக்கு மீறிக் கனக்கும் ஈயப் பெட்டி வந்தால், வெட்டாதீர்கள், தட்டாதீர்கள், பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகவும் வேண்டாம். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஆட்களை நன்றாகத் தள்ளி நிற்கச் சொல்லி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-இல் சொல்லுங்கள், அல்லது 112. பொருளைத் தொட்டவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். அதுவரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. யார் யார் தொட்டார்கள் என்று ஒரு தாளில் பெயர் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

வணக்கம்.