மாத்திக்கலாம், மாத்தலையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி உங்க கையில இருக்கு, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

'நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம் என்று பல வழிகளில் ஒன்றாகிப்போனதால் இறைநம்பிக்கை வலுத்ததா, நலிந்ததா?' நாங்க வலுத்த கட்சி. எதிரணித் தம்பி சொன்னார்: "அந்தக் காலத்துல சாமி மூச்சுக்காத்து; இப்போ ரிங்டோன். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம்." நீங்க கைதட்டுனீங்க. நானும்தான் தட்டுனேன்.

மாத்த முடியாத காலம் எப்படி இருந்துச்சு தம்பி? 1697, ஸ்காட்லாந்துல எடின்பரோ. தாமஸ் எய்க்கன்ஹெட், 20 வயசு மாணவன். மதத்தைக் கேலி பேசினான்னு தூக்குல போட்டாங்க. அதைப் பார்த்தவன் மறுநாள் ஜெபத்துக்கு ஓடினா, அது பக்தியா, பயமா?

அப்புறம் 1880. நாத்திகர் சார்லஸ் பிராட்லாவை நார்தாம்ப்டன் மக்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்புறாங்க. "கடவுள் பேர்ல சத்தியம் வேண்டாம், வெறும் உறுதிமொழி எடுக்கிறேன்"னார். கூடாதுன்னாங்க. "சரி, சத்தியமே பண்றேன்"னார். "நீ பண்ணா செல்லாது"ன்னுட்டாங்க! மனுஷன் என்னதான் பண்ணுவான்? பிடிச்சு நாடாளுமன்ற மணிக்கூண்டுல ஒரு ராத்திரி அடைச்சாங்க. (நடுவரே, மணியடிக்காதீங்க, உள்ளே ஆள் இருக்கு!) பதவி போச்சு. ஊர் திரும்ப ஜெயிக்க வச்சுது. உள்ளே விடல. 1882ல விறுவிறுன்னு சபை மேசைக்குப் போனார், பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்தார், தனக்குத்தானே சத்தியப் பிரமாணம் செஞ்சுக்கிட்டார்! தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூத்துக்கு நூறு போட்டுக்கிட்ட மாதிரி! திரும்ப வெளியே. திரும்ப ஜெயிச்சார். 1886லதான் உட்கார விட்டாங்க. 1888ல அவர் கொண்டுவந்த சட்டம்: சத்தியமா, உறுதிமொழியா, உன் இஷ்டம்.

வேண்டாம்னு சொல்ல வழியிருந்தும் ஒருத்தன் கடவுள் பேரைச் சொன்னா, அதுதான்யா சத்தியம்! மாத்திக்கலாம்னு தெரிஞ்சும் மாத்தாத ரிங்டோன் தம்பி அது.

என் பொண்ணு சாமி இல்லைங்கிறவ. என் அம்மாவுக்கு விடிஞ்சா சாமி, அடைஞ்சா சாமி. இப்போ கண்ணு மங்கிப்போச்சு. போன வாரம் ராத்திரி எட்டிப் பார்க்கிறேன். கட்டில் ஓரமா உட்கார்ந்து பேத்தி பிரார்த்தனைப் புத்தகம் வாசிக்கிறா, ஒரு வரி விடாம. அம்மா தூங்கிட்டாங்க. இவ நிறுத்தல. பக்கத்தை முடிச்சு, நாளைக்குத் தேடக்கூடாதுன்னு ஓரத்தை மடிச்சு வச்சா.

மணியடிங்கய்யா. வணக்கம்.