டிவிடி பர்ன் முடிஞ்சும் ட்ரே வெளிய வரலையா? லினக்ஸ்ல பூட்டு எங்க விழுதுன்னு பார்ப்போம்

[திரை: டிரைவ் முகப்பு. விளக்கு மினுக்குகிறது.]

கோத்தகிரியில ஒரு படுகர் கல்யாண வீடியோ. டிவிடி பர்ன் 100 சதவீதம்னு காட்டிடுச்சு. பட்டனை அமுக்கினா ட்ரே அசையலை. உடனே முகப்பு ஓட்டையில குத்த ஊசியைத் தேடாதீங்க, முதல்ல விளக்கைப் பாருங்க.

மினுக்கிக்கிட்டே இருந்தா டிரைவ் இன்னும் வேலையிலதான் இருக்கு. டேட்டா எழுதினதுக்கு அப்புறம் டிஸ்கை மூடணும், அதுதான் ஃபைனலைஸ். டிவிடி-ஆர்ல கொஞ்சமா எழுதியிருந்தாலும் மூடுறதுக்குப் பல நிமிஷம் ஆகலாம். அந்த நேரத்துல நிறுத்தினா டிஸ்க் பாழ். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

[திரை: விளக்கு அணைந்திருக்கிறது.]

விளக்கு அணைஞ்சும் திறக்கலைன்னா, பூட்டு விழுந்திருக்கு. பர்ன் பண்ற புரோகிராம், வேலை முடியும்வரை டிஸ்கை விடாதேன்னு டிரைவுக்குச் சொல்லி வைக்கும். முடிஞ்சதும் விடுன்னு சொல்லணும். நடுவுல அது கிராஷ் ஆனா அந்த இரண்டாவது சொல் போகவே போகாது. இது போக, இப்போதைய லினக்ஸ்ல டிஸ்க் உள்ளே போனதுமே யூடெவ், அதாவது செருகுற சாதனங்களைக் கவனிக்கிற சிஸ்டம் பகுதி, தன் பங்குக்குப் பூட்டும். அதனால பட்டன்ங்கிறது வெறும் மனுதான். கையெழுத்து சிஸ்டம் போடணும்.

[திரை: டெர்மினல். கட்டளைகள் எழுத்தில் தெரிகின்றன.]

யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு பாருங்க: சூடோ, ஃபியூசர், ஹைஃபன் வி எம், ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்ஆர் ஜீரோ. கடைசியில இருக்கிறது லினக்ஸ்ல டிரைவோட பேர். பாதியில தொங்குற பிரசரோ, கே-த்ரீ-பி மாதிரி பர்ன் புரோகிராம் வந்தா மூடுங்க. ஃபைல் மேனேஜரும் வரலாம், அந்த டிஸ்க் ஃபோல்டருக்குள்ள நிக்கிற இன்னொரு டெர்மினலும் வரலாம். இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லாரும் மறப்பாங்க. அப்புறம் யூ-மவுன்ட், அதாவது டிஸ்கோட ஃபைல் இணைப்பைக் கழட்டுற கட்டளை. டார்கெட் இஸ் பிஸின்னு வந்தா இன்னும் ஒருத்தர் பாக்கி.

ஓடுற புரோகிராம்களைக் காட்டுற பிஎஸ் பட்டியல்ல அந்த புரோகிராமுக்கு நேரா 'டி' (D) எழுத்து இருந்தா, கில் ஹைஃபன் ஒன்பது போட்டும் சாகாது. டிரைவோட பதிலுக்காக லினக்ஸோட மையமான கெர்னலுக்குள்ள காத்துக்கிட்டிருக்கு. அதோட மல்லுக்கட்ட வேண்டாம், நேரா கம்ப்யூட்டரை அணைக்கிற படிக்குப் போங்க.

மத்தபடி, எஜெக்ட் ஹைஃபன் ஐ ஆஃப். இது பட்டன் பூட்டை எடுக்கும். அடுத்து எஜெக்ட் ஹைஃபன் வி, கூடவே எஸ்ஆர் ஜீரோ பாதை. ஹைஃபன் வி போட்டா என்ன செய்யுதுன்னு வரிவரியாச் சொல்லும்.

அதுக்கும் மசியலைன்னா கம்ப்யூட்டரை முழுசா அணைங்க. ரீஸ்டார்ட் போதாது, டிரைவுக்குக் கரன்ட் போய்க்கிட்டே இருக்கலாம். சுவிட்சை அணைச்சு, கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. யூஎஸ்பி டிரைவ்னா வயரைப் பிடுங்கினா போதும். கரன்ட் போனா பூட்டும் போயிடும்.

ஆன் பண்ணி, லினக்ஸ் ஏறுறதுக்கு முன்னாடியே, முதல்ல வர்ற பயாஸ் திரை இருக்கும்போது பட்டனை அமுக்குங்க. இந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீங்க. இங்க திறந்தா கோளாறு சாஃப்ட்வேர்ல. இங்கயும் திறக்கலைன்னா டிரைவ்ல, இனி எந்தக் கட்டளையும் உதவாது.

[திரை: திறந்த டெஸ்க்டாப் டிரைவ். ரப்பர் பெல்ட் அருகில்.]

மோட்டார் உறுமுது, ட்ரே நகரலைன்னா பெல்ட் வழுக்குது. ஊட்டியில உறைபனி விழற டிசம்பர், ஜனவரி காலையில கிரீஸும் இறுகிப் போகும். அறை கொஞ்சம் சூடேறினதும் முயற்சி பண்ணுங்க. ஹீட்டரை டிரைவ் முன்னாடி வைக்காதீங்க, டிஸ்க் வளைஞ்சிடும். பெல்ட்டையும் புல்லியையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சா சில மாசம் ஓடும். பெல்ட் தளர்ந்திருந்தா மாத்தத்தான் வேணும், மளிகைக்கடை ரப்பர் பேண்ட் தாங்காது.

அவசரத்துக்கு முகப்புல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். கரன்டை அணைச்சு, டிஸ்க் சுத்துறது நின்னதும், நிமித்தின பேப்பர் கிளிப்பை நேரா உள்ளே தள்ளுங்க. ட்ரே கொஞ்சம் எட்டிப் பார்க்கும், மிச்சத்தைக் கையால மெதுவா இழுங்க. லேப்டாப் டிரைவ்ல தள்ளுற மோட்டார் கிடையாது, கொக்கி விட்டதும் ஸ்பிரிங்தான் தள்ளும்.

[திரை: ஓரம் கிளம்பிய ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்.]

வெளிய வந்த டிஸ்க்ல காகித ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. கூடலூர் மழைக்காலத்து ஈரத்துல ஓரம் கிளம்பி, ட்ரே இல்லாத ஸ்லாட் டிரைவ்ல அதுவே சிக்கும். பேரை சிடி மார்க்கர்ல எழுதிக்கொடுங்க.