"டென்ஷன் ஆகாம இரு, தானா நிக்கும்"னு சொல்றாங்களா? அப்போ இந்த வீடியோ உங்களுக்கு தான்

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. இன்னைக்கு சமையல் இல்ல, ஷாப்பிங் இல்ல, உக்காந்து பேசப் போறேன். குழந்தைக்காக ட்ரீட்மென்ட்ல இருக்கேன்னு சொன்னதுல இருந்து நிறைய பேரு ஒரே விஷயத்த தான் கேக்குறீங்க, "அக்கா, டென்ஷன் ஆகாம இரு தானா நிக்கும்ங்கறாங்க, அப்போ நான் அழறதால தான் நிக்க மாட்டேங்குதா"னு.

இல்லடா. நீ அழறதால இல்ல. ஆறுதலுக்கு சொல்லல, 2011ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுக்கு முன்னாடி நடந்த 14 ஆய்வுகள ஒண்ணா சேத்து, 3,500 பொண்ணுங்களுக்கு மேல, ட்ரீட்மென்ட்டுக்கு முன்னாடி எவ்ளோ கவலையில இருந்தாங்க, அந்த சைக்கிள்ல கரு நின்னுச்சா இல்லையானு ரெண்டையும் வச்சுப் பாத்தாங்க. ரொம்ப கவலையில இருந்தவங்களுக்கு மட்டும் கம்மியா நின்னுச்சுனு ஒண்ணும் இல்ல. பிசிஓடி (ஹார்மோன் கோளாறால முட்டை சரியா வராதது), கருக்குழாய் அடைப்பு, ஏஎம்எச் கம்மி (முட்டை இருப்பு குறைவு), எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சுவர் மாதிரி திசு வெளியில வளர்றது), ஆம்பளைக்கு விந்தணு கவுண்ட் கம்மி, இதெல்லாம் காரணமா இருக்கலாம். சில பேருக்கு எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்தும் நிக்காது. ஏற்கனவே வலிக்குது, அதுக்கு மேல "நீ வருத்தப்பட்டதால தான்"னு பழியையும் தூக்கி வைக்கிறது எவ்ளோ பெரிய கொடுமை.

எனக்கு ரொம்ப கஷ்டமான நேரம்னா ட்ரீட்மென்ட் முடிஞ்சு ரிசல்ட்டுக்கு காத்திருக்கற அந்த ரெண்டு வாரம் தான். ஐயுஐ, அதாவது விந்த நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்தற ட்ரீட்மென்ட், முடிஞ்சதும் புரோஜெஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் மாத்திரை குடுப்பாங்க இல்ல, மார்பு வலி, வயிறு உப்புசம், தூக்கம் தூக்கமா வரும், உடனே மனசு நின்னுடுச்சு போலனு கணக்கு போட ஆரம்பிச்சுடும், பேர் வரைக்கும் யோசிச்சிருக்கேன், ஆனா அந்த மாத்திரையே அதே அறிகுறி எல்லாம் குடுக்கும், நின்னாலும் அப்படி தான் இருக்கும் நிக்கலனாலும் அப்படி தான் இருக்கும். இத யாராவது முதல்லயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும், அதான் உங்களுக்கு சொல்றேன். ட்ரிகர் ஊசி (முட்டை வெடிக்கறதுக்கு போடற ஊசி) போட்டிருந்தா வீட்ல சீக்கிரமா கிட் போட்டு பாக்காதீங்க, அந்த ஊசில இருக்கற எச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோனே ரெண்டு கோடு காட்டிடும், அப்புறம் ரத்த டெஸ்ட்ல இல்லனு வரும்போது ஒரு குழந்தைய பறிகொடுத்த மாதிரி ஆயிடும்.

ரிசல்ட் நாளைக்கு நானும் அவரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். லேப்ல அவர் நம்பர் தான் குடுப்போம், அவர் வீட்டுக்கு வந்து நேர்ல சொல்லுவாரு. ஆபீஸ்ல உக்காந்து தனியா வாட்ஸப்புல பிடிஎஃப் திறந்து பாக்கற நிலைமை யாருக்கும் வேணாம்.

அவரப் பத்தியும் சொல்லணும். கிட்டத்தட்ட பாதி ஜோடிங்கள்ல ஆம்பள பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும், இருந்தாலும் நம்ம ஊர்ல முதல்ல ஸ்கேன், ரத்தம்னு ஓடறது பொண்ணு தான். விந்து டெஸ்ட் எவ்ளோ சிம்பிள், ரெண்டுல இருந்து ஏழு நாள் கேப் விட்டு சாம்பிள் குடுத்தா முடிஞ்சுது, அத முதல்லயே பண்ணிடுங்க, தயவு செஞ்சு. அப்புறம் அவங்களுக்கும் அழுகை வரும், யாருமே கேக்கறதில்ல. நாங்க ராத்திரி சாப்பிட்டு முடிச்சு கொஞ்ச நேரம் மட்டும் இதப் பத்தி பேசுவோம், மத்த நேரம் படம், ஊர்க்கதை, சண்டை எல்லாம் வழக்கம் போல. முன்னாடி காலைல காபில இருந்து இதே பேச்சு தான், ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டிடுச்சு.

அத்தை சொன்னாங்கனு, குழந்தை வரம் வேண்டிப் போற திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு போயிட்டு வந்தோம். படி மெழுகி கோலம் போட்டு, நெய் வாங்கிட்டு வந்து ரெண்டு பேரும் 48 நாள் சாப்பிட்டோம். நிக்கல. ஆனா போனதுல எனக்கு வருத்தமே இல்ல, அந்த வரிசைல நின்ன முக்காவாசி பேரு இதே வேண்டுதலோட வந்தவங்க, அங்க ஒருத்தரும் "விசேஷம் இல்லையா"னு கேக்கல, அந்த ஒரு நாள் எனக்கு அவ்ளோ லேசா இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்ன கணக்குப்படி ஆறு பேர்ல ஒருத்தருக்கு வாழ்க்கைல எப்பயாவது இந்த பிரச்சனை வருது. நம்ம தெருவுலயே எத்தன பேரு இருப்பாங்க, வாய திறக்காம.

வளைகாப்புக்கு போக முடியலனா போகாதீங்க. பொறாமைனு நினைப்பாங்களோனு பயந்து, வளையல் போட்டுட்டு சிரிச்சுட்டு வந்து பாத்ரூம்ல அழற அளவுக்கு உங்கள வருத்திக்காதீங்க.

தூக்கமே இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லனு ரெண்டு வாரம் தொடர்ந்து இருந்தா மனநல டாக்டர பாருங்க. வாழவே வேணாம்னு தோணுச்சுனா ஒரு நாள் கூட காத்திருக்காதீங்க, 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம்.

இந்த வீடியோவ பாக்கற கர்ப்பமா இருக்கற தோழிகளுக்கு ஒண்ணு. உங்க ஃப்ரெண்ட் ட்ரீட்மென்ட்ல இருந்தா, நல்ல செய்திய எல்லார் முன்னாடியும் திடீர்னு சொல்லாதீங்க, மறைக்கவும் வேணாம், முன்கூட்டியே தனியா ஒரு மெசேஜ் போட்டுடுங்க. அவ அழுது முடிச்சுட்டு வாழ்த்து சொல்லுவா, மனசார தான் சொல்லுவா, பதில் ரெண்டு நாள் லேட்டா வந்தா கோவிச்சுக்காதீங்க.